சாளைக் கேமரா மக்கர் செய்தால்: குறையைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

போன வைகாசியில் காங்கேயம் பக்கம் என் பெரியப்பா தோட்டத்தில் கிணற்று மோட்டாரின் காப்பர் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேமரா கிணற்று மேட்டைப் பார்த்தபடிதான் இருந்தது. சாளைக்குள், அதாவது தோட்டத்து வீட்டுக்குள், டிவியில் நான்கு கட்டமும் பளிச்சென்று தெரிந்தன. "படம் இருக்குது, ஆளைப் புடிச்சறலாம்" என்று பெரியப்பா தெம்பாகத்தான் இருந்தார். நான் போய், பழைய பதிவைக் காட்டும் பிளேபேக்கைத் திறந்தால், கடைசியாகப் பதிவான நாள் மாசி மாதத்தில் நின்றிருந்தது. ஹார்ட் டிஸ்க் செத்து மூன்று மாதம். அந்தக் கேமராக்களை நான் மாட்டவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போய் வந்தவன், ஒரு தடவை பிளேபேக்கைத் திறந்து பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேரும், 2025-இல் சிவகிரி அருகே வயதான தம்பதியும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டதற்குப் பிறகு, ஒதுங்கிய சாளைகளிலிருந்து கேமரா கேட்டு எனக்கு வரும் போன்கள் கூடிவிட்டன. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ இருப்பார்கள். பெரியவர்கள் இருவர் மட்டும் தோட்டத்தில். அந்த வீடுகளில் கேமரா ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். கோளாறு வந்தால் ஆள் வந்து பார்க்க ஒரு வாரம்கூட ஆகிவிடுகிறது. அதனால் வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடியுமோ அதைக் குறைவாரியாக எழுதுகிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியும், நடுக்கம்பியைச் சுற்றி வலைக்கம்பி உள்ள கோ-ஆக்ஸியல் கேபிளும்தான், ஆகவே அதையே முன்னால் வைத்துச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று உபரியாக, இரண்டு பக்கமும் பிஎன்சி (வீடியோ கேபிளின் முனை) மாட்டிய இரண்டு மீட்டர் கேபிள், நாலு பிஎன்சி முனை, நாலு டிசி பின் (கேமராவுக்கு மின்சாரம் தரும் முனை). கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. மெயினை அணைக்காமல் அதன் மூடியைத் திறக்க வேண்டாம்.

"ஒரு கட்டம் மட்டும் கருப்பா இருக்குதுங்"

மற்ற மூன்றும் தெரிகின்றன, ஒன்று மட்டும் "வீடியோ லாஸ்" என்கிறது. உடனே கேமரா போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் டிவிஆரின் பின்பக்கம் அந்தக் கேமராவின் பிஎன்சியைக் கழற்றி, நன்றாகப் படம் தரும் வேறொரு கேமராவின் இடத்தில் மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் டிவிஆரில் முதலில் மாட்டியிருந்த துளைதான் பழுது. வேறு துளை காலி இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அங்கேயும் கருப்பு என்றால், அடுத்தது கேமரா முனை. ஏணியில் ஏறி, கேமராவின் வாலில் இருக்கும் பிஎன்சியையும் டிசி பின்னையும் பாருங்கள். பத்தில் ஏழு தடவை என் வேலை இங்கேயே முடிந்துவிடும். மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும், அல்லது நடுக்கம்பி உள்வாங்கி இருக்கும், அல்லது வலைபோன்ற வெளிக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்கும். முனையை வெட்டிவிட்டு ஒரு அங்குலம் தள்ளிப் புதிதாக மாட்டினால் படம் வந்துவிடும். வந்ததும் அந்த இணைப்பைப் பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி வெயிலில் விட்டால் ஒரு கோடைக்குள் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

அதிலும் வரவில்லையா? கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, டிவிஆருக்குப் பக்கத்திலேயே உபரி அடாப்டரிலும் குட்டிக் கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் கேமரா நல்லது, வழியில் கேபிள்தான் அறுந்திருக்கிறது. தென்னந்தோப்பு வழியாக இழுத்த கேபிளை அணில் கடிக்கும். ஓட்டுக்கூரை வழியாகப் போனால் எலி. இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுக் கேமரா வாங்கி மாட்டி, அதுவும் கருப்பாக நின்ற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் போயிருந்தால் கேமராக்களைத் தொடவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் விளக்கு எரிகிறதா, வெளிவரும் மின்சாரம் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுத்துளை வழியாகப் பல்லி உள்ளே போய் போர்டின் மேல் செத்துக் கிடப்பது எங்கள் பக்கம் சாதாரணம். பெட்டியை மாற்றும்போது துளைக்கு மெல்லிய கொசுவலை ஒட்டிவிடுங்கள், காற்றும் போகும், பல்லியும் நுழையாது.

"பகல்ல நல்லா வருது, பொழுது போனா போயிருதுங்"

அதிகம் பேரை ஏமாற்றும் குறை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகல் முழுக்கப் படம் தெளிவாக இருக்கும். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும், அல்லது ராத்திரி முழுக்கக் கருப்பாகிவிட்டு விடிந்ததும் தானாக வந்துவிடும். சர்வீஸ் ஆள் பகலில் வந்து பார்ப்பார், "நல்லாத்தானே இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

காரணம் மின்சாரம். இருட்டானதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பிக்கின்றன, கேமரா இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மூன்று மடங்காகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்எம்பிஎஸ் வீட்டுக்குள், கேமரா 60 மீட்டர் தள்ளிக் கட்டுத்தரையில். கேபிளுக்குள் இருக்கும் மின்கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொண்டால், போக 60, வர 60, மொத்தம் 120 மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 10 ஓம் தடை. பகலில் கேமரா 0.15 ஆம்பியர் இழுத்தால் வழியில் 1.5 வோல்ட் தொலையும், கேமராவுக்கு 10.5 கிடைக்கும், ஓடும். ராத்திரி 0.4 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் தொலையும். மிஞ்சும் 8 வோல்ட்டில் கேமரா அணையும். அணைந்ததும் இழுவை குறைந்து வோல்டேஜ் ஏறும், திரும்ப எரியும், விளக்கு எரிந்ததும் திரும்ப அணையும். செம்புக்குப் பதில், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியாக இருந்தால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். ஒயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம்.

இதை அளக்கும்போது ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். கேமராவைக் கழற்றிவிட்டு, பின்னில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 12 காட்டும். காட்டத்தான் செய்யும், மின்னோட்டமே ஓடாத கம்பியில் வோல்டேஜ் எங்கே தொலையப் போகிறது? கேமரா மாட்டியிருக்கும்போதே, விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். பகலில் அளக்கிறீர்கள் என்றால் கேமரா முகத்தைக் கருப்புத் துணியால் நன்றாக மூடுங்கள். டிக்கென்று ஒரு சத்தம் வரும், விளக்குகள் எரியும், மீட்டர் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தீர்வு மூன்று வகை. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் நல்ல அடாப்டர் ஒன்றை மழை படாத பெட்டியில் வைத்து அங்கேயே மின்சாரம் கொடுங்கள், வீடியோ மட்டும் நீளக் கேபிளில் வரட்டும். கட்டுத்தரையில் பெரும்பாலும் ஒரு லைட் பாயின்ட் இருக்கும் என்பதால் என் கை முதலில் இதற்குத்தான் போகும். பாயின்ட் இல்லையென்றால் மின்சாரத்துக்கு மட்டும் தனியாக 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுங்கள், தடை ஐந்தில் ஒன்றாகிவிடும். மூன்றாவது வழி, இங்கிருந்து 24 வோல்ட் அனுப்பி, கேமரா பக்கத்தில் 12-க்கு இறக்கும் சின்ன மாற்றி வைப்பது. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுவோரும் உண்டு. அதே பெட்டியிலிருந்து வாசல் கேமராவுக்கும் மின்சாரம் போகிறதென்றால் அதை நான் செய்ய மாட்டேன். தூரத்துக் கேமராவுக்குச் சரியாவது பக்கத்துக் கேமராவுக்கு அதிகம்.

"ராத்திரியில மூட்டம் போட்ட மாதிரி வெள்ளையா இருக்குது"

கேமரா ஓடுகிறது, ஆனால் படம் பால்போல் வெளுத்திருக்கிறது என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு அது சிலந்தி வலை. விளக்குச் சூட்டுக்கும் அங்கே வரும் பூச்சிக்கும் சிலந்தி கேமரா முகத்திலேயே கூடு கட்டும். வலையில் பட்ட அகச்சிவப்பு ஒளி திரும்பி லென்சுக்குள்ளேயே அடிக்கும். நீளக் கம்பில் மெல்லிய துணி கட்டி மாதம் ஒரு தடவை துடையுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் மாட்டிய கேமராவுக்கு மாதம் ஒரு தடவை போதாது, பஞ்சு வாரத்துக்கு வாரம் படியும்.

துடைத்தும் போகவில்லையென்றால், அரைக்கோள மூடி போட்ட டோம் வகையில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கண்ணாடியோடு ஒட்டாமல் விலகியிருக்கும், அல்லது கண்ணாடியே வெயிலில் மங்கியிருக்கும். கூரையோ சுவரோ கேமரா பார்வையின் ஓரத்தில் மிக அருகில் இருந்தாலும் இதேபோல் வெளுக்கும். கேமராவை ஒரு சாண் முன்னால் தள்ளி மாட்டினால் போதும்.

பகலிலேயே இலை, புல் எல்லாம் ஊதாவும் ரோஸுமாகத் தெரிகிறதா? பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று கேமராவுக்குள் நகரும். அது சிக்கிக்கொண்டிருக்கிறது. மெனுவில் பகல், இரவு என்று கையால் இரண்டு மூன்று தடவை மாற்றிப் பாருங்கள், சிலது விடுபடும். விடுபடாவிட்டால் கேமராவை மாற்றுவதுதான் வழி.

"படத்துல கோடு ஓடுதுங்"

கோழிப்பண்ணை இரும்புத் தூணில் கேமராவை நேராகத் திருகினால் இது வரும். தூண் ஒரு எர்த்தில், டிவிஆர் வேறொரு எர்த்தில், இரண்டுக்கும் நடுவே கேபிளின் வெளிக்கம்பி வழியாக மின்னோட்டம் ஓடுகிறது. பட்டை பட்டையாகக் கோடு மேலே ஏறும். கேமராவுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு மரப்பலகையோ பிளாஸ்டிக் பெட்டியோ வைத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். உபரி அடாப்டரில் அந்த ஒரு கேமராவை ஓட்டிப் பாருங்கள், கோடு போய்விட்டால் பெட்டி பழுது.

"திரையில எல்லாம் தெரியுது, ரெக்கார்டு இல்லைங்"

பெரியப்பா தோட்டத்துக் கதை இதுதான். திரையில் தெரியும் படத்துக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டியதில்லை, பதிவுக்குத்தான் வேண்டும். ஆகவே டிஸ்க் செத்தாலும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நிறைய டிவிஆர்கள் டிஸ்க் போனதும் பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தம் தொந்தரவு என்று மெனுவில் அணைத்து வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அணைத்திருந்தால் இன்றைக்கே திரும்பப் போடுங்கள்.

மெனுவில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போங்கள். டிஸ்க் பட்டியலிலேயே இல்லையென்றால், மின்சாரத்தை அணைத்து, மூடியைக் கழற்றி, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிளையும் பிடுங்கித் திரும்ப அழுத்தி மாட்டுங்கள். டிஸ்க் தெரிகிறது, ஆனால் "எரர்" என்று வந்தால், பழைய பதிவு தேவையில்லை என்று உறுதியானால் மட்டும் ஃபார்மட் செய்து பாருங்கள். ஒரு வாரத்தில் திரும்ப எரர் வந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். டிஸ்க் நிறைந்து நின்றுவிட்டது என்றால் ஓவர்ரைட் அமைப்பு அணைந்திருக்கிறது. அதைப் போட்டால் பழையதை அழித்துப் புதியது பதியும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பதிவு இல்லையென்றால் ரெக்கார்டிங் அட்டவணையைப் பாருங்கள். ஏழு நாளும் 24 மணி நேரமும் நிறம் நிரம்பியிருக்க வேண்டும்.

டிவிஆர் கிளம்புகிறது, கிளிக் கிளிக் என்கிறது, திரும்ப முதலிலிருந்து கிளம்புகிறது என்றால், டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக நின்றால், டிஸ்க் பழுது அல்லது டிவிஆரின் அடாப்டர் சோர்ந்துவிட்டது. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த சில விநாடிதான் இழுவை அதிகம், பலவீனமான அடாப்டர் அங்கே விழுந்துவிடும். 300, 400 ரூபாய் அடாப்டரை மாற்றிப் பார்த்த பிறகு டிஸ்க் வாங்குங்கள்.

டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக் கேமராவுக்கென்றே செய்தது வேண்டும் என்று கேளுங்கள். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் அந்த வகை. கணினிக்கான டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்குச் செய்ததில்லை. மாட்டிய உடனே மெனுவில் ஸ்மார்ட் தகவலைத் திறந்து, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். புது டிஸ்க்கில் அது பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டாக இருக்கும். ஒரு வருடம் என்பது 8,760 மணி. ஒரு கடையில் புதிது என்று கொடுத்த டிஸ்க் 20,000 மணி நேரத்துக்கு மேல் காட்டியதை நானே பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க்கில் 11 நாள். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் வைத்து 1 மெகாபிட்டாகக் குறைத்தால் 20 நாளைத் தாண்டும். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பும் குடும்பம் என்றால் இந்த 1 மெகாபிட் அமைப்போடு 2 டிபி போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடாக இருந்தால், அதோடு ஒரு வேலையாக நேற்று ராத்திரி 2 மணிப் பதிவை ஒவ்வொரு கேமராவிலும் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நான் மாட்டிக் கொடுக்கும் வீடுகளில் இதை வாயால் சொல்வதோடு விடாமல் டிவிஆர் மேல் ஒரு சீட்டில் எழுதியே ஒட்டிவிடுகிறேன்.

"கரண்டு வந்தா டைம் மாறிப்போகுது"

மின்சாரம் போய் வந்தால் தேதி 2000-க்கோ 1970-க்கோ போகிறதா? போர்டில் சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி இருக்கும். அது 3 வோல்ட், மீட்டரில் 2.6-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். நெட் இணைப்பு இருந்தால், நெட்டிலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி அமைப்பைப் போட்டு நேர மண்டலத்தை 5:30 என்று வையுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்டு போகும்போது டிவிஆர் அணைந்து கிளம்பினால், இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். அது சாதாரண நிலையில் இருந்தால் மாறுவதற்கு நேரம் எடுக்கும். யூபிஎஸ் நிலையில் வைத்தால் சட்டென்று மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போகும் தோட்டங்களில், யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவி, பேட்டரியைத் தீர்த்துவிடும். அங்கே டிவிஆருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மட்டும் கணினி யூபிஎஸ் ஒன்று வைப்பது மேல்.

"போன்ல பார்க்க முடியலைங்ணா"

வெளியூரிலிருந்து மகன், மகள் கூப்பிடுவது இதற்குத்தான். முதலில் வீட்டு வைஃபையில் போனை வைத்துப் பாருங்கள். வீட்டில் தெரிகிறது, வெளியில் தெரியவில்லை என்றால் நெட்டின் பிரச்சினை. இரண்டிலும் இல்லையென்றால் டிவிஆரின் நெட்வொர்க் அமைப்பு.

அண்மையில் நெட் கம்பெனியை மாற்றினீர்களா என்று நான் முதலில் கேட்பேன். பழைய ரௌட்டர் 192.168.1.1 என்ற முகவரியில் இருந்திருக்கும், புதியது 192.168.0.1 அல்லது 192.168.29.1 என்று வரும். டிவிஆரோ பழைய தெருவிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் பகுதியில், முகவரியைத் தானாக வாங்கும் டிஎச்சிபியைப் போட்டு, டிவிஆரை அணைத்து ஏற்றினால் புது முகவரியை வாங்கிக்கொள்ளும். அப்புறம் கிளவுட் அல்லது பி2பி என்ற இடத்தில் "ஆன்லைன்" என்று வருகிறதா பாருங்கள்.

படம் வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் ஆப்பில் சப்-ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். அந்தச் சின்னப் படம் விநாடிக்கு அரை மெகாபிட்டில் ஓடிவிடும். பதிவு பெரிய படத்திலேயே தொடரும், அதற்குக் குறைவு வராது.

வைஃபை கேமரா ரௌட்டரோடு சேரவே மாட்டேன் என்கிறதென்றால், அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரௌட்டரில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனையும் 2.4-இல் சேர்த்துவிட்டு அமைப்பை முடியுங்கள். பழைய சாளைகளின் தடித்த கல்சுவரையும் தகரத்தையும் வைஃபை தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த டிவிஆரிலும் கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை அப்படியே விட வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படி விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அவற்றைக்கொண்டே அக்டோபர் 21 அன்று பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து டிவிஆருக்கு நேர்வழி) திறந்துவிட்டுப் பார்க்கும் பழைய முறையையும் கைவிடுங்கள். மாட்டியவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, மாற்றி, நோட்டில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். வீட்டுப் பெண்கள் நடமாடும் முற்றம் எந்த ஆள் போனில் தெரிகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் போன் ஓயாமல் எச்சரிக்கை தருவது வேறு சங்கதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கும்போது தென்னை மட்டை ஆடினாலே கேமரா ஆள் என்று நினைக்கும். அசைவை அறியும் பகுதியில் மட்டைகளை விட்டுவிட்டு வண்டித்தடத்தையும் வாசலையும் மட்டும் கட்டம் போடுங்கள். மனிதனைத் தனியாக அறியும் வசதி இருந்தால் அதை மட்டும் வையுங்கள். கேமராவைத் தென்னையில் கட்டியிருந்தால் அவிழ்த்துச் சுவருக்கோ கல்தூணுக்கோ மாற்றுங்கள்.

"ஆள் தெரியுது, மூஞ்சி தெரியலைங்"

இது பழுதில்லை, தேர்வில் நடந்த பிழை. இதைச் சரி செய்ய மெனுவில் ஒன்றும் இல்லை.

ஒரு அந்நியரை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளியாவது விழ வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையின் அளவுகோல். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் நூறு பாகைக்கும் மேலே விரித்துப் பார்க்கும். அதில் 250 புள்ளி கிடைப்பது சுமார் 3 மீட்டர் வரைதான். 3.6 லென்ஸில் 4 மீட்டர், 6 மில்லிமீட்டரில் 8 மீட்டர் வரும். வாசல் கேட் 12 மீட்டர் தள்ளி இருக்க, வீட்டுச் சுவரில் 2.8 மாட்டினால் கேட்டில் நிற்பவர் முகத்துக்குப் பத்துப் புள்ளிதான் மிஞ்சும். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும்.

ஆகவே ஒரே கேமராவில் தோட்டம் முழுக்கப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். விரிந்து பார்க்க ஒன்று, ஆள் கட்டாயம் கடக்கும் இடத்தை நெருங்கிப் பார்க்க ஒன்று. இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே வரும் தடம்) வந்து வாசலில் சேரும் முனை, கொல்லைப்புறக் கதவு, கிணற்று மேடு, இவைதான் அப்படிப்பட்ட இடங்கள். 15 அடி உயரத்தில் மாட்டினால் தலைத்துண்டும் தொப்பியும்தான் பதியும். கைக்கு எட்டாத 8, 9 அடி போதும். ராத்திரி வண்டி நம்பர் வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கேமரா வேண்டியிருக்கும். வாசல் கேமராவில் ஹெட்லைட்டின் ஒளிதான் பதியும்.

புதிதாகப் போடுகிறவர்கள், தூரம் 50 மீட்டரைத் தாண்டும் இடங்கள் இருந்தால் ஐபி கேமராவும் (நெட் கேபிளில் படம் அனுப்புவது), அதே கேபிளில் மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்சும் போடுங்கள் என்பேன். கேட்-6 கேபிள் ஒன்றிலேயே மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை போகும். 48 வோல்ட்டில் போவதால் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிறது. மேலே சொன்ன ராத்திரி வியாதி அநேகமாக வராது. கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். 100 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுப்பது நல்லது. சித்திரை, ஐப்பசி இடியில் தென்னைக்கு நடுவே நீளமாகப் போகும் செம்புக் கேபிள் மின்னலின் வீச்சை டிவிஆர் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்; ஃபைபரில் மின்சாரம் ஓடாது. செம்புதான் என்றால் மேகம் கூடும்போதே, இடி வரும் முன்பே கேபிள்களைக் கழற்றிவிடுங்கள்; இடிக்கும்போது அவற்றைத் தொட வேண்டாம்.

மின்சாரமும் நெட்டும் இல்லாத காட்டுக்கு சோலார் சிம் கேமரா இருக்கிறது. அது அசைவு வந்தால் மட்டும் விழித்துப் பதியும், எப்போதும் பதியாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. பெயர் தெரியாத பழைய சரக்கை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

"திருட்டுப் போயிருச்சு, இப்ப என்ன பண்றது?"

டிவிஆரில் எதையும் மாற்றாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் பக்கமே போகாதீர்கள். ஓவர்ரைட் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நாளும் பழைய நாள் ஒன்று அழிகிறது என்பதை நினைத்து அன்றைக்கே பிரதி எடுங்கள். முதலில் டிவிஆர் நேரத்தையும் போன் நேரத்தையும் ஒரே போட்டோவில் வரும்படி எடுத்து வையுங்கள். டிவிஆர் 12 நிமிடம் பின்தங்கியிருந்தால் அது அதிகாரிக்குத் தெரிய வேண்டும். பென் டிரைவை டிவிஆரிலேயே ஃபார்மட் செய்து, சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து எல்லாக் கேமராவையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது உறவுக்காரர்களுக்குச் சரி, வழக்குக்கு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்று தர வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) வரும். அந்தப் படிவத்தை நிலையத்திலேயே கேட்டு நிரப்பலாம். போலீஸ் டிவிஆரையே எடுத்துப் போனால் மாடல், வரிசை எண், டிஸ்க்கின் வரிசை எண் மூன்றையும் குறித்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அன்று ராத்திரிக்கு வீட்டில் கேமரா இருக்காது. பக்கத்துத் தோட்டத்தாரிடம் சொல்லி வையுங்கள்.